இடப்பக்கப் பெட்டி

கல்யாணமாகி ஐந்து மாதங்கள் கழிந்த பின்னும், தன் மனைவிக்கு இடக்காது அறவே கேட்காது என்பது ராகவனுக்குத் தெரியாது. தெரியாதபடி தெய்வநாயகி பார்த்துக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தால் தன் இடப்பக்கம் சுவர் இருக்குமாறு உட்காருவாள். கடைத்தெருவில் அவனுக்கு இடப்புறமாகவே நடப்பாள். படுக்கையிலும் சுவரோரத்து இடம் அவளுடையது. சிறுவயதில் சீழ் பிடித்துப் போன காது. உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக இரண்டு வரன்கள் தட்டிப்போயின. ராகவன் வீட்டார் வந்தபோது, அச்சரப்பாக்கத்தில் உரக்கடை வைத்திருந்த அவள் அண்ணன் வாசுதேவன், "ஒரு காது நல்லாத்தானே கேக்குது? நீ வாயத் தொறக்காத. அப்புறமா சொல்லிக்கலாம்" என்று முடித்துவிட்டான். அந்த 'அப்புறம்' இன்னும் வந்தபாடில்லை.

ராகவன் செங்கல்பட்டுக்காரன். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில், பழுதான கருவிகளைச் சரிசெய்யும் பிரிவில் வேலை. பேச்சு குறைவு. ஆடி மாதத்தில் ஒருநாள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைச் சுமந்து வந்தான்.

"ஆம்ப்ளிஃபயர் கிட்டு. பாகத்தையெல்லாம் தனித்தனியா குடுப்பான். நாமதான் பூட்டிக்கணும்" என்றான்.

அன்றிலிருந்து மாலைகளில் குவார்ட்டர்ஸ் ஹாலில் பற்றவைக்கும் புகை கடற்காற்றோடு கலந்து சுழன்றது. அவன் ஈயக்கம்பியை உருக்கிப் பற்றவைக்க, அவள் டார்ச் பிடித்தாள். அவனோ பாகங்களின் பெயர்களைச் சொல்வதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. ஆனாலும் அவன் விரல்கள் அத்தனை சிறிய கம்பிகளையும் நோகாமல் வளைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவனோடு வாழ்ந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

அந்த நிம்மதி ஒரு மாலையில் குலைந்தது.

"இது ஸ்டீரியோ. இடது பெட்டிக்கு ஒரு போர்டு, வலது பெட்டிக்கு ஒரு போர்டு. வீணை இந்தப் பக்கம் கேக்கும், மிருதங்கம் அந்தப் பக்கம் கேக்கும். நடுவுல உக்காந்தா கச்சேரி நம்ம வூட்லயே நடக்கற மாதிரி இருக்கும்" என்றவன், இரண்டு பெட்டிகளிலிருந்தும் சணலைப் பிடித்துச் சரிசமமாக அளந்து, தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டான். "இது உன் நாற்காலிக்கு."

தெய்வநாயகி அந்தக் குறியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

சரஸ்வதி பூஜையன்று அவன் ஆயுதங்களையெல்லாம் வரிசையாக வைத்தான்: ஸ்குரூ டிரைவர், குறடு, பற்றவைக்கும் கோல், நடுவில் மூடி போடாத ஆம்ப்ளிஃபயர். தெய்வநாயகி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டாள். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வந்ததும் கை சற்றுத் தயங்கியது. எப்படியாவது என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டு, உள்ளே இருந்த இரண்டு போர்டுகளுக்கும் தாராளமாகவே வைத்து, பக்கத்தில் கிடந்த மூடியை எடுத்து மேலே கவிழ்த்தாள்.

மறுநாள் விஜயதசமி. புதியதைத் தொடங்க உகந்த நாள். ஸ்பீக்கர்களுக்கு மரப்பெட்டி செய்து கொடுத்த ஜெபகுமார் சதுரங்கப்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தான். ராகவனோடு ஒரே பிரிவில் வேலை செய்பவன்.

"இன்னா அண்ணாத்த, பாடுமா, பொகையுமா?"

"முதல்ல சுண்டலத் துன்னு. அப்புறம் வாயத் தொற" என்றான் ராகவன்.

ஹாலில் இருந்த பிளக் வேலை செய்யாததால், படுக்கையறையிலிருந்து ஒயர் இழுத்திருந்தான். தெய்வநாயகியைப் பெருக்கல் குறியின் மேல் போட்ட நாற்காலியில் உட்காரவைத்து, பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரை இணைத்து ஓடவிட்டு, ஸ்விட்சைப் போட உள்ளே போனான். முதலில் ஒரு சிறு உறுமல், பிறகு வீணை. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"ரெண்டு பக்கமும் பாடுதா?" என்று உள்ளிருந்து கத்தினான் ராகவன்.

"ரெண்டும் பிரமாதமா பாடுதுங்க" என்றவள், சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாதென்று, "இடது பக்கந்தான் இன்னும் இனிமை" என்றும் சேர்த்தாள்.

ஜெபகுமாருக்குச் சுண்டல் புரையேறிவிட்டது. "அய்ய, அண்ணி! லெஃப்ட் பொட்டி மூச்சே வுடல. செத்துப் போய்க் கீது. அது இனிமையா பாடுதுன்றீங்களே! அண்ணாத்த மனசு நோவக் கூடாதுன்னு இப்டியா பொய் சொல்லுவீங்க?"

ராகவன் வெளியே வந்தான். இடப்பக்கப் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. ஜெபகுமாரும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வூட்ல தேடுவாங்க அண்ணாத்த" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ராகவன் ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறந்தான். வலது போர்டில் சந்தனம் மேலாகப் பொட்டு போல நின்றிருந்தது. இடது போர்டிலோ வழிந்திறங்கி, ஐசி எனும் சிறு சில்லின் கால்களுக்கிடையே ஈரமாகவே அப்பிக்கிடந்தது.

"இது இன்னா?"

"நேத்து நான்தான் வெச்சேன். எல்லாத்துக்கும் வெச்சுட்டு, இத மட்டும் விட மனசு வரல."

"ஐசிக்குப் பொட்டு வெச்ச ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றான். உதட்டோரம் லேசாக நெளிந்து அடங்கியது. "சரி, சந்தனம் வெச்சதுல இது ஊமையாயிடுச்சு. நீ ஏன் இடது பக்கம் பாடுதுன்னு சொன்ன?"

ஜெபகுமார் சொல்லிவிட்டுப் போன காரணம் அவள் நாக்கு நுனியிலேயே இருந்தது. உங்கள் மனம் நோகக் கூடாதென்று சொன்னேன் என்றால் போதும், நம்பிவிடுவான். அவன் கையிலிருந்த அந்தச் சிறிய போர்டைப் பார்த்தாள். பொய்யைச் சொல்ல வாய் எழவில்லை.

"எனக்கு இடது காது கேக்காதுங்க. சின்ன வயசுலேருந்தே."

அவன் போர்டைக் கீழே வைத்தான்.

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத்தான் தெரியாது."

பழைய பல்துலக்கும் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து, ஐசியின் கால்களைத் தேய்க்கத் தொடங்கினான். அவள் டார்ச்சை எடுத்துப் பிடித்தாள். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

தலை நிமிராமலே கேட்டான்: "கல்யாணமான புதுசுல கோவளத்துக்கு பஸ்ல போனமே, ஞாபகம் இருக்குதா? நீ ஜன்னலோரமா உக்காந்துகினு இருந்த."

இருந்தது. கடல் வலப்பக்கம் வந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்கும் ஆசையில் அன்று அவள் எச்சரிக்கையை மறந்து, அவனை இடப்பக்கம் உட்காரவிட்டிருந்தாள்.

"உனக்கு இன்னா புடிக்கும்னு கேட்டேன். ரெண்டு வாட்டி கேட்டேன். நீ கடலையே பாத்துகினு இருந்த. என்னப் புடிக்கல போலன்னு நெனச்சுகினேன். அதுக்கப்புறம் எதையும் கேக்க வாய் வரல." பிரஷ் நின்றது. "ஒருநாள் பக்கத்து வூட்டு ரேடியோவுல வீணை வந்துச்சு. நீ ஈரத்துணியக் கையில வெச்சுகினு, கொடிகிட்டயே நின்ன. அதப் பாத்துட்டுத்தான் இந்த கிட்டு வாங்கியாந்தேன்."

டார்ச் வெளிச்சம் போர்டை விட்டு அவன் முகத்துக்கு நகர்ந்தது. "நேராப் புடி" என்றான் மெதுவாக.

ஈரம் உலர்ந்ததும் மூடியைப் பூட்டி ஸ்விட்சைப் போட்டான். இரண்டு பெட்டிகளும் பாடின. ராகவன் சற்று நேரம் நின்று கேட்டான். பிறகு இடப்பக்கப் பெட்டியை அலுங்காமல் தூக்கி, வலப்பக்கப் பெட்டியின் அருகிலேயே கொண்டுபோய் வைத்தான். அவள் நாற்காலியையும் அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, சணலால் அளந்து போட்ட பெருக்கல் குறியைக் காலால் தேய்த்து அழித்தான்.

"ஸ்டீரியோ போயிடுமே" என்றாள் அவள்.

"போவட்டும்."

இன்னொரு நாற்காலியை இழுத்து அவளுக்கு வலப்பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். சூடேறிய ஆம்ப்ளிஃபயரிலிருந்து மிச்சமிருந்த சந்தனத்தின் வாசனை கிளம்பியது.

"இப்பச் சொல்லு. உனக்கு இன்னா புடிக்கும்?"

"இன்னொரு தடவ கேளுங்க."

"ஏன், இந்தப் பக்கமும் கேக்கலியா?"

"கேட்டுச்சு" என்றாள் தெய்வநாயகி. "பஸ்ல ரெண்டு வாட்டி கேட்டீங்கன்னு சொன்னீங்களே. இப்ப ஒரு வாட்டிதான் ஆச்சு. இன்னொண்ணு பாக்கி இருக்குது."