டவரும் ஒரு சோடிச் சப்பாத்தும்

டிக்கோயாவுக்கு மேலே, ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் அந்த டவர் எழும்பி நின்றது. லக்சபானாவில் தண்ணீரை விழவைத்துக் கரண்டு எடுக்கிறார்களாம். அதை மலை மலையாகத் தூக்கிக்கொண்டு போவதற்கு இது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து மூன்று வருடமாகிறது. தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது டவர்தான்.

நூறடி உயரம். உச்சியில் கடைசி இரும்பைப் பூட்டுவது மட்டும் பாக்கி. அதற்கு இஞ்சினியர் துரை பொறுக்கி எடுத்த ஆள் நல்லமுத்து. ஏறி முடித்தால் டவர் வேலையிலேயே நிரந்தரம். கிளை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியோடு மழையில் தேயிலைச் செடிக்குக் குனிய வேண்டியதில்லை. துரை போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: காலில் சப்பாத்து இல்லாமல் டவரில் நிற்கிறவன் இறங்கியதும் வீட்டுக்குப் போகலாம். வார் கட்டுகிற அந்தத் தோல் சப்பாத்தையும் அவரே கொடுத்திருந்தார். நல்லமுத்து அதை மாட்டிக்கொண்டு நடந்த முதல் நாள், தொழிலாளர் லயத்து நாய்களுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை.

தோட்டத்தில் எந்த வேலையும் சாமி இல்லாமல் தொடங்காது. கவ்வாத்து வெட்டக் கவ்வாத்துச்சாமி, ஃபாக்டரிச் சக்கரத்துக்கு ரோதமுனி. ஒரு கல், கொஞ்சம் மஞ்சள், ஒரு சேவல், சாமி தயார். டவருக்கும் கல் நட்டு மஞ்சள் பூசினார் மாரியம்மன் கோயில் பூசாரி சிவசாமி. நல்லமுத்துவின் மனைவி பேச்சியம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். சப்பாத்தைப் பார்த்ததும் சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“என்னா மாப்ள, சாமி மேல சப்பாத்தோட ஏறப்போறியா?”

“சாமி கல்லுல இருக்கு மச்சான். நான் இரும்புல ஏறுறேன்.”

“இது மரம் மாதிரின்னா எப்பிடி வேணா ஏறிக்க. கோபுரம்னா கழட்டிறணும். டவர்னா என்னான்னு தெரியாம நான் சூடம் பத்தவைக்க மாட்டேன்.”

சூடம் பற்றாமல், கீழே நின்று இரும்பை இழுத்து ஏற்றுகிறவர்கள் கயிற்றைத் தொடமாட்டார்கள். துரை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்: பன்னிரண்டு மணி தாண்டினால் வேறு தோட்டத்து ஆளை ஏற்றிவிடுவார். டவர் என்றால் என்ன என்று கேட்க, மச்சானும் மாப்பிள்ளையும் ஓட்டமும் நடையுமாகத் தோட்டத்து ஆபீசுக்கு இறங்கினார்கள். துணி மூட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்த வியாபாரி ஜமால்தீன், விஷயத்தைக் கேட்டதும் வியாபாரத்தை மறந்து கூடவே உள்ளே வந்தார்.

பெரிய கிளாக்கர் இங்கிலீஷ் அகராதியைத் தூசி தட்டிப் பிரித்தார்.

“அகலத்தைவிட உயரம் அதிகமாகக் கட்டினது. தனியாகவும் நிற்கும், கட்டடத்தோடு சேர்ந்தும் நிற்கும்.”

“நம்ம சாமி கோபுரம்ங்க?” என்றார் சிவசாமி.

“வெள்ளைக்காரன் அதையும் டவர் என்றுதான் எழுதுவான்.”

“மாதாகோயில் மணிக்கூண்டுங்க?” நல்லமுத்து அவசரமாகக் கேட்டான். பாதிரியார் சப்பாத்தோடு கோயிலுக்குள் நடப்பதை அவன் பார்த்திருக்கிறான்.

“அதுவும் டவர்தான்.”

“கேட்டுக்கங்க மச்சான்!”

“எங்க பள்ளிவாசல் மினாராவயும் அப்பிடித்தான் சொல்றாங்க,” என்றார் ஜமால்தீன். “ஆனா செருப்போட ஏறினா எங்காளுக கால ஒடச்சிருவாங்க.”

“ஜமால்தீன் நானா, ஒங்கள யாரு கேட்டா?” என்று எரிந்து விழுந்தான் நல்லமுத்து.

கிளாக்கர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “கஷ்டத்தில் நம்பிச் சாயக்கூடிய மனுசனையும் டவர் என்பார்களாம்.”

“அப்ப நம்ம பூசாரியும் டவருதான். அவரு மேல ஏறணும்னா சப்பாத்து உண்டா, இல்லையா?” என்றார் ஜமால்தீன்.

சிவசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். “வெள்ளக்காரனுக்கே தெளிவில்லாத வார்த்தைக்கு நான் எதுக்கு மல்லுக்கட்டணும்? சூடம் ஏத்துறேன். சாமி ஒதச்சா நீ வாங்கிக்க. பேச்சியம்மாகிட்ட நான் பதில் சொல்லமாட்டேன்.”

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நல்லமுத்து சப்பாத்துக் காலை முதல் இரும்பில் வைத்தான்.

இருபதடியில் தேயிலை வாசம் நின்றது. ஐம்பதடியில் ஆட்களின் பேச்சு நின்றது. அதற்குமேல் மூடுபனி, கையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. உச்சியில் இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது பனி அவன் காலுக்குக் கீழே விலகியது.

தோட்டத்துரை வரும்போதெல்லாம் பாதையைவிட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றே வளர்ந்தவன், அந்தத் துரை பங்களாவின் கூரையை மேலிருந்து பார்த்தான். பன்னிரண்டு குடும்பம் அடங்கிய லயம் ஒரு தீப்பெட்டி. தூரத்தில் சிவனொளிபாதமலை, ஏறக்குறைய அவன் கண்ணுக்கு நேராக. அதையும் அவன் அதிகநேரம் பார்க்கவில்லை.

மேற்கே, மலைக்கு ஒன்றாக, டவர்கள் வந்துகொண்டிருந்தன. கைகளை விரித்துக்கொண்டு, பள்ளத்தாக்குகளைத் தாண்டி, பார்வை எட்டும்வரை. ஒன்றுதான் இருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். அத்தனையின் உச்சியிலும் அவனைப்போல ஒருவன் ஏறித்தான் கடைசி போல்ட்டைப் பூட்டியிருக்க வேண்டும். காற்று இரும்பில் புகுந்து முனகியது. உடம்பெல்லாம் அந்த அதிர்வு ஏறியது. காலில் மட்டும் ஏறவில்லை. சப்பாத்து தடுத்தது.

கீழே இஞ்சினியர் துரை தூரக்கண்ணாடியை உயர்த்தினார். அது எதைத் தேடும் என்று நல்லமுத்துவுக்குத் தெரியும். நாளைக் காலை, கவ்வாத்துக்கு ஆள் எண்ணும் பெரட்டில் யார் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். குனிந்து வார்களை அவிழ்த்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். கீழே துரையின் விசில் அலறியது. வெறுங்காலில் இரும்பின் குளிர் சுரீரென்று ஏறி, முனகல் பாதத்துக்குள் வந்தது.

ஒருதரம் கும்பிட்டுவிட்டு, கடைசி போல்ட்டை முடுக்கத் தொடங்கினான்.