ஒக்பாய் வீட்டு வாசலில் நிற்கும் கார்

மலைமேல் இருக்கும் எங்கள் அஸ்மாரா நகரில் செமெரெயின் காருக்கு ஒக்பாய் வீட்டு வாசலில் மட்டும்தான் பிரேக் பிடிக்கும். மற்ற இடங்களில் மிதித்தால் பெடல் தரையைத் தொடும், கார் தன் பாட்டுக்குப் போகும். ஒக்பாயின் வாசல் வந்ததும் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். செமெரெயின் மனைவி மெஹ்ரெத்துக்கு முதலில் பேசி, நின்றுபோன மாப்பிள்ளை இந்த ஒக்பாய்தான். அதனால் எங்கள் தெருவில் யாரும் இதை இயந்திரக் கோளாறு என்று நம்பவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருடத்து இத்தாலியக் கார் அது. துருப்பிடித்த கூடாக வாங்கி, ஒன்பது வருடம் உழைத்து உயிர் கொடுத்தவன் செமெரெ. பிரேக் ஷூக்களை மாற்றினான், டிரம்மைக் கடைந்தான், மாஸ்டர் சிலிண்டருக்குப் புது ரப்பர் போட்டான். பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருந்தாலும் பெடல் இறங்கும். அதை வெளியேற்ற ஒருவர் மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் காற்று வெளியேறும் துளையான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். தன் இருக்கையில் வேறொருவரை உட்காரவிட அவனுக்கு மனம் வரவில்லை. தனியாகவே, நிப்பிளில் மாட்டிய ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினான். குழாயை எடுக்காமலே அதற்குள் ஒக்பாயைப் பற்றிப் புலம்பவும் செய்தான். பொறாமை பிடித்தவன் வாய் சும்மா இருக்குமா?

கடற்கரை ஊரான மசாவாவில் மெஹ்ரெத்தின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. மலையிலிருந்து கடல்வரை ஒரே இறக்கம்.

"இந்த வண்டியில இறங்கினா கல்யாணத்துக்கு இல்ல, நம்ம சாவுக்குத்தான் போய்ச் சேரணும். நான் பஸ்லயே போறேன்" என்றாள் மெஹ்ரெத். "ஒக்பாயும் அதே பஸ்லதான் வர்றாராம்."

செமெரெ உடனே தன் இருக்கைப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். "ஏறி உக்காரு. சொன்னதும் மிதி. நான் மூடுற வரைக்கும் காலை எடுத்துடாத, காத்து திரும்ப உள்ள போயிடும்."

பின்பக்க வலது சக்கரத்தில் தொடங்கினார்கள். ரப்பர் குழாயின் நுனியை முக்கியிருந்த எண்ணெய்ப் புட்டிக்குள் முதல் குமிழி வந்து உடைந்து, செமெரெயின் குரலில், 'அவனைப் பார்த்து ஏன் சிரிச்சா?' என்றது. அடுத்தது, 'அவன் வாசல் வந்தா மட்டும் ஏன் இவ நடை நிக்குது?' என்றது. தெருவில் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தவர்கள் முக்காலிகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். நானும் போனேன். பிறகு கோலிகுண்டு அளவுக்கு ஒன்று மெதுவாக வந்தது. 'எங்க மூத்த பையனோட மூக்கு யாரு மூக்கு?'

வறுத்த கொட்டை கருகியதை யாரும் கவனிக்கவில்லை. செமெரெ காருக்கடியில் கண்ணை இறுக மூடிக்கொண்டான். செத்துப்போனால் தேவலை என்று இருந்திருக்கும். மெஹ்ரெத் குனிந்து பெடல் மேலிருந்த தன் காலைப் பார்த்தாள். அவள் எடுத்திருந்தால் அத்தனையும் மறுபடி உள்ளே போயிருக்கும். அவள் எடுக்கவில்லை, இன்னும் அழுத்தினாள்.

"மூடுய்யா" என்றாள். "இன்னும் மூணு சக்கரம் இருக்கு."