கொயினா தின்றது யார்

மெஹர்பானு கண் விழித்தபோது, மலேரியாவுக்குத் தந்த கொயினா மாத்திரைச் சீசா கட்டிலுக்கடியில் காலியாகக் கிடந்தது. காலையில் பாதிக்கு மேல் இருந்ததாகத்தான் ஞாபகம். பக்கத்தில் பிள்ளைகள் அலி அக்பரும் ஆமினாவும் சோழி உருட்டிக்கொண்டிருந்தார்கள். யார் தின்றது என்று கேட்டதற்கு அலி தங்கையைக் கைகாட்டினான். தங்கை சிரித்தபடி அண்ணனைக் காட்டினாள். அதட்டியதும் இரண்டு பேரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அழுதார்கள்.

மலேரியா மெஹர்பானுவுக்குத்தான். கணவன் நசீருதீன் தீவுக்குக் கப்பலில் வந்த சரக்கு மூட்டைகளை எடுக்கப் போயிருந்தான். பத்துபஸ்தி ரோட்டில் வந்த மண் லாரியை மறித்து, பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். லாரியை விட்டு இறங்கிய பிறகும் இரைச்சல் காதை விட்டுப் போகவில்லை. பயம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் பக்தவத்சலம் பிள்ளைகளின் நாடியைப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார். ரப்பர் குழாய் விட்டு இரண்டு வயிற்றையும் கழுவினார்கள். சோறும் வாழைப்பழமும்தான் வந்தன. டாக்டர் ஏதோ கேட்டார். வயதைக் கேட்கிறார் என்று எண்ணி இவனுக்கு அஞ்சு, இவளுக்கு மூணு என்றாள். அவர் அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு காதருகே குனிந்தார்.

“காய்ச்சல் யாருக்கும்மா?”

“எனக்குத்தான் டாக்டரய்யா.”

“எத்தனை மாத்திரை போட்டே?”

காலையில் ஒன்று. தலைவலியில் விழித்தபோது ஒன்று. அது காலையில் போட்டதேதானா? கனவில் போட்டதா?

“போட்டேனா இல்லையான்னு தெரியாம, மறுபடி மறுபடி போட்டிருப்பேன் போல.” டாக்டரின் முகத்தைச் சுற்றி இருட்டு கட்டிக்கொண்டு வந்தது. “என்னை அப்புறம் பாருங்க. புள்ளைங்களப் பாருங்க.”

“புள்ளைங்க நல்லாருக்கு. கொயினா மிஞ்சினாத்தான் இப்படிக் காது அடைக்கும். முழுங்கினது நீதாம்மா.”

அவளுக்கு அது புரியவேயில்லை. அப்படியே கட்டிலில் சாய்த்து, அவளுக்கும் குழாய் விட்டார்கள், கரித்தூள் கரைத்துக் கொடுத்தார்கள். நர்ஸ் இந்தியில் பேசிக்கொண்டே இருந்தாள். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. பிறகு அதுவும் இருண்டுபோனது. கோணி வாசத்தை வைத்துத்தான் நசீருதீன் வந்திருப்பதை அறிந்தாள். புள்ளைங்கள ஏசாதீங்க என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காது சில நாளில் திறந்தது. பார்வை தெளிய மாதம் பிடித்தது. அந்த மாத்திரைகளை எடுத்து வாயில் போட்டது மட்டும், எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.