வாய்க்குள் நின்ற பெயர்

பவுனம்மாளின் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. நாலு மாதமாகக் கஞ்சிதான். தெருத்தெருவாக மீன் கூவி விற்றவள் இப்போது கூடையோடு ஊமையாக உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

நாத்தனார் நீலாதான் அவளை ராயபுரத்துக்கு இழுத்து வந்தாள், யுத்த காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மூட்டு வைத்தியம் பழகிய எல்சியிடம்.

“குப்பத்தையே வாயால அடக்கினவ எல்சிம்மா. இப்ப இவ வாயே பூட்டிக்கினு கீது.”

எல்சி அவள் காதுகளுக்கு முன்னால் விரல் வைத்துப் பார்த்தாள். மூட்டு கடக்கென்றது.

“தூக்கத்துல பல்லக் கடிக்கிறியாக்கா?”

“கடிக்கிறாளாவது! கல்லு அரைக்கிற சத்தம். எங்கண்ணன் போன நாள்லேர்ந்து.”

நாலு மாதத்துக்கு முன், அந்த நாளில், கட்டுமரங்கள் கரைக்கு வரும் நேரம். புருஷன் பொன்னுரங்கத்தின் முதுகுக்குப் பின்னால் அலை எழும்பியதைப் பவுனம்மாள்தான் முதலில் பார்த்தாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையுமே! “யோவ்!” என்று கத்தினாள். கரையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மற்ற மரக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், தப்பினார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் மட்டும் குனிந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். உடல் கிடைக்கவில்லை. அவள் தாலியைக் கழற்றவில்லை.

வைத்தியத்தின் எட்டாம் நாள். வெந்நீர் ஒத்தடம் முடிந்தது. எல்சி கட்டைவிரல்களில் துணி சுற்றிக் கடைவாய்ப் பற்களின்மேல் வைத்துக் கீழே அழுத்தினாள். தாடை கல்லாக நின்றது. விரலை எடுத்தாள்.

“நீயேதான் புடிச்சிகினு கீற. இன்னாத்தக்கா புடிச்சிகினு கீற?”

“வுட்டா பேரு வந்துடும்,” பல்லிடுக்கில் சொன்னாள் பவுனம்மாள். “வந்துட்டா, அவுரு இல்லன்னு ஆயிடும்.”

நீலாவின் கேலி எங்கோ போயிருந்தது. “அன்னிக்கே சொல்லியிருந்தா திரும்பியிருப்பான் அண்ணி.”

எல்சி மறுபடி அழுத்தி, மெல்ல முன்னால் இழுத்தாள். பவுனம்மாளின் கண்ணில் நீர் வழிந்தது. மூட்டு வழுக்கி இறங்கியது. எல்சியின் விரல்கள் வெளியே வந்ததும், மீன் கூவும் பழைய குரலில் அது வந்துவிட்டது.

“பொன்னுரங்கம்!”

பட்டப்பகல். கடல் ஓர் அலை நேரம் சத்தமில்லாமல் இருந்தது.

“இன்னாமே?”

வாசலிலிருந்து, ஈரத் தொண்டையில், அவன் குரல். நீலாவின் கையிலிருந்த சொம்பு விழுந்து உருண்டது. எல்சி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பவுனம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. தாலிக்கயிற்றைத் தலைவழியே கழற்றினாள்.

“ஒன்னுமில்லய்யா,” என்றாள், வாய் முழுக்கத் திறந்து. “நீ போ.”