தீவுகள் பகுதியில் மூன்று பதிவுகள்

என் அக்காவை நாலாயிரம் பேர் பார்க்க நான் கேலி செய்தேன். அவள் என்னை "ஐயா" என்று கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் விஷயம் இவ்வளவுதான். ஆனாலும் சுற்றி வளைக்கத்தான் போகிறேன். முதலில் என் பெருமையைச் சொன்னால்தான் பிறகு வந்த கேவலம் புரியும்.

பகலில் நான் ஒரு பார்சல் கம்பெனிக் கிடங்கில் சூப்பர்வைசர். மிச்ச நேரமெல்லாம் இணையத்தில் ஒரு பயணத் தளத்துக்கு அட்மின். மலிவான விமான டிக்கெட், கப்பல் டிக்கெட், பாதி வாடகைக்கு அறை, யாரோ கேன்சல் செய்த சுற்றுலா என்று யார் கண்ணில் எது பட்டாலும் அங்கே வந்து போடுவார்கள். யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ஜன்னல் சீட்டு, அரை டிக்கெட், கிழிந்த பெட்டி என்று ஆளுக்கொரு பட்டப்பேர். என் பேர் திசைகாட்டி. அட்மின் என்பதால் என் பேர் மட்டும் பச்சை எழுத்தில் வரும். அந்தப் பச்சையைப் பார்த்து நானே பலமுறை பூரித்திருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நான் பொறுப்பேற்றபோது தளம் சந்தைக்கடையாகக் கிடந்தது. மலைக்குப் போகும் பஸ்ஸுக்குக் கீழே கப்பல், கப்பலுக்குக் கீழே பையைத் தொலைத்த யாரோ ஒருவரின் புலம்பல். மூன்று வாரம், விடுமுறை நாளெல்லாம் சாப்பாட்டு மேஜையை வளைத்துப் போட்டுக்கொண்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் வரைந்து, மொத்தத்தையும் பதினொரு பகுதிகளாகப் பிரித்தேன். வடக்கு மலை, கிழக்குக் கரை, மேற்குக் கரை, நடுச் சமவெளி, தீவுகள் என்று. பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்தேன்.

அதில்தான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். ஒரு பதிவு எந்தப் பகுதியில் வர வேண்டும் என்பதை, போகும் ஊரை வைத்து அல்ல, கிளம்பும் ஊரை வைத்து முடிவு செய்தேன். சலுகை கிளம்பும் இடத்துக்குத்தானே கிடைக்கிறது? மேற்குக் கரையில் இருப்பவனுக்குக் கிழக்குக் கரையிலிருந்து கிளம்பும் கப்பலால் என்ன லாபம்? இதை "விதி இரண்டு" என்று சிவப்பில் எழுதி ஒவ்வொரு பகுதியின் தலையிலும் ஒட்டினேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, கிடங்குல பெட்டியெல்லாம் எங்க போகுதுன்னு பாத்துத்தானே அடுக்குவீங்க?"

"பெட்டி தனக்குத்தானே டிக்கெட் எடுக்காதுடி."

"என்னமோ போங்க. எங்கம்மா வீட்டுக்குப் போகணும்னா எனக்கு எங்கம்மா ஊர்தான் ஞாபகம் வரும். நம்ம ஊரு எதுக்கு வருது?"

அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று விட்டுவிட்டேன்.

தளத்தின் நாலாயிரம் உறுப்பினர்களுக்கும் புரியவில்லை. தீவுக்குப் போக நினைத்தவர்கள் எல்லாம் நேராகத் தீவுகள் பகுதிக்குள் வந்து விழுந்தார்கள். ஆரம்பத்தில் பொறுமையாகத்தான் நகர்த்தினேன். பிறகு அலுத்துப்போய், "வழி தவறியவர்கள்" என்று ஒரு பக்கம் திறந்தேன். விதி இரண்டை மீறிய பதிவைப் பூட்டிவிட்டு, அதன் தலைப்பை மட்டும் அங்கே தூக்கிப் போட்டுக் கீழே ஒரு நக்கல் வரி எழுதுவேன். அந்தப் பதிவுக்கு வந்த பதில்கள் தானாகக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலிவு டிக்கெட் போடும் பக்கங்களைவிட அந்தப் பக்கத்தில்தான் கூட்டம் அதிகம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அக்கா போன் செய்தாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. அவளுடைய ஒரே மகள் தீவில் இருக்கிறாள். நிறைமாசம். மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போயிருந்தார். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் என்று சொல்லியிருந்தார்கள்.

"தம்பி, அவ அங்க தனியா இருக்கா. நான் போய்ப் பக்கத்துல இருக்கணும். நீதான் டிக்கெட் விஷயமெல்லாம் கரைச்சுக் குடிச்சவனாச்சே, கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

அப்போது நான் நடுச் சமவெளியை இரண்டாகப் பிரிக்கலாமா என்ற பெரும் யோசனையில் இருந்தேன். "எல்லாம் தளத்துல இருக்குக்கா. ஏரியா ஏரியாவாப் பிரிச்சு வெச்சிருக்கேன். சின்னக் கொழந்தகூடக் கண்டுபிடிச்சுடும். ஒரு பேர் வெச்சுக்கிட்டு உள்ள போய்க் கேளு, ஆளுங்க சொல்லுவாங்க."

"எனக்கு அதெல்லாம் வருமாடா?"

"வரும் வரும்."

போனை வைத்துவிட்டேன். பத்து நிமிடம் செலவழித்திருந்தால் நானே பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் வழி காட்டுவதில் மும்முரமாக இருந்த எனக்கு அந்தப் பத்து நிமிடம் இல்லை.

அந்த வாரமே "மூணாம் மாடி" என்ற பேரில் யாரோ தீவுகள் பகுதியில் எழுதினார்கள். தலைப்பு, "தீவுக்கு டிக்கெட் வேண்டும்." தலைப்பைப் பார்த்த மாத்திரத்தில் பூட்டினேன். "விதி இரண்டைப் படிக்கவும்" என்று ஒரு வரி. மறுநாள் அதே ஆள், அதே தலைப்பு, அதே பகுதி. பூட்டினேன். மூன்றாம் நாள் மத்தியானம் மறுபடியும் வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தலைப்பைத் தூக்கி வழி தவறியவர்கள் பக்கத்தில் போட்டு இப்படி எழுதினேன்:

"மூணாம் மாடிக்கு மூன்று முறை சொல்லியாயிற்று. தீவு எங்கேயும் ஓடிவிடாது. முதலில் தான் எந்த ஊரில் குடியிருக்கிறோம் என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்."

இருநூற்றுப் பன்னிரண்டு லைக். அன்று சாப்பிடும்போது மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம், யாரோ என்ன கஷ்டமோ" என்றாள். அதற்குள் மூணாம் மாடியின் பதில் வந்திருந்தது. "மன்னிக்கவும் ஐயா. எனக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை. இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன்." அதையும் வாசித்துக் காட்டினேன். "பாத்தியா, இப்படிப் போட்டாத்தான் வழிக்கு வர்றாங்க" என்று சொல்லி இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துக் கிடங்கில் இருந்தபோது அத்தான் போன் செய்தார்.

"தம்பி, நான் தாத்தா ஆயிட்டேன். பேத்தி. நாள் இருக்கும்போதே பொறந்துட்டா. ஆபரேஷன்தான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"அக்கா அங்கதானே இருக்கா?"

"எங்க போனா? கவுண்டர்ல கேட்டா ரெண்டு வாரத்துக்கு இடமே இல்லன்னுட்டாங்க. பொண்ணு வலியோட ஆபரேஷன் ஃபாரத்துல தானே கையெழுத்துப் போட்டிருக்கு. பக்கத்துக் கட்டில்காரங்க யாரோதான் கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். உன் சைட்லகூடக் கேட்டாளாம். ஏதோ சரிப்படலன்னா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா."

எனக்கு எதிரே பெல்ட்டில் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் போகும் ஊர் பெரிய எழுத்தில் இருந்தது. அக்கா குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடம். ஏறும்போதெல்லாம் "உன் மூணாம் மாடி என் உயிர வாங்குதுக்கா" என்று புலம்புகிறவன் நான்தான். என் முகத்தில் ஈயாடவில்லை என்று எனக்கே தெரிந்தது.

கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தளத்தைத் திறந்தேன். அந்த மூன்றாவது பதிவை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன்.

"வணக்கம். என் மகள் தீவில் இருக்கிறாள். நிறைமாசம். கூட யாரும் இல்லை. எந்த நாள் என்றாலும் நான் கிளம்பத் தயார். கப்பல் என்றாலும் பரவாயில்லை, நின்றுகொண்டே போகவும் சம்மதம். இந்தத் தளத்தைப் பற்றிச் சொன்னது என் தம்பி. இதையெல்லாம் இவ்வளவு அழகாகப் பிரித்து வைத்திருப்பதும் அவன்தான்."

குப்பைத்தொட்டியைக் கிளறினேன். ஜன்னல் சீட்டு என்ற உறுப்பினர் அவளுக்கு ஒரு பதில் எழுதியிருந்தார். "அம்மா, புதன்கிழமை சரக்குக் கப்பலில் பத்துப் பயணிகளை ஏற்றுகிறார்கள். இரண்டு இடம் மிச்சம். இன்று நாலு மணிக்குள் இந்த எண்ணில் பேசுங்கள்." நான் பதிவைப் பூட்டியது இரண்டரை மணிக்கு.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் கூசுகிறது. அக்காவுக்குப் போன் செய்யவில்லை. முதலில் அந்த நக்கல் வரியை அழித்தேன். அப்புறம் அவள் கேட்ட மன்னிப்பை அழித்தேன். அப்புறம் வழி தவறியவர்கள் பக்கத்தையே, இருநூற்றுப் பன்னிரண்டு லைக்கோடு, சுவடில்லாமல் அழித்தேன். யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நிச்சயமான பிறகுதான் மூச்சே வந்தது.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அழிச்சிட்டீங்க சரி. அவங்க படிச்சாச்சே" என்றாள்.

மறுநாள் அக்கா வீட்டு மாடிப்படி ஏறினேன். புலம்பவில்லை. அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கடையில் மிச்சமான திரைச்சீலைத் துணியில் உள்ளங்கை அளவு சட்டைகள் தைத்து வைத்திருந்தாள், ஏழெட்டு இருக்கும்.

"வாடா மாமா தாத்தா" என்று சிரித்தாள். "சனிக்கிழமைக்கு இடம் கெடச்சிருச்சு. யாரோ வரலையாம்." எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"அக்கா, அந்த மூணாம் மாடி..."

"விடுறா, அது ஆச்சு. நீ அட்மினு. அக்காங்கறதுக்காக எனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு வெக்க முடியுமா? பேரப் பாத்த ஒடனே நீ கண்டுபிடிச்சிருப்பேன்னு எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் அந்தப் பேரே வெச்சேன். அப்புறம் நீ கறாரா நடந்துக்கறேன்னு புரிஞ்சதும் நானும் ஐயான்னே எழுதிட்டேன், யாருக்கும் தெரிய வேணாம்னு." ஒரு குட்டிச் சட்டையின் கையை நீவிவிட்டாள். "அந்த மாடிலேர்ந்து எட்டிப் பாருன்னு எழுதினே பாரு, அது மட்டும்தான் கொஞ்சம்..."

அடுத்த சட்டையைக் கையில் எடுத்தாள்.

அவள் என்னைக் கறாரான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்படியே போய்விடும். கறாரான தம்பி என்ற பேர் கிடைத்தால் போதும் என்று அந்த நிமிடம் மனது பேராசைப்பட்டது. ஆனால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"அது நீன்னு எனக்குத் தெரியாதுக்கா. தலைப்ப மட்டுந்தான் பாத்தேன்."

அவள் முகம் சட்டென்று தெளிந்தது. "நெசமாவா? நீ பாக்கவே இல்லையா? அட கடவுளே! நான் ராவும் பகலும் மண்டைய ஒடச்சுக்கிட்டிருந்தேன்டா, இவனுக்கு என்மேல அப்படி என்ன கோவம், நான் என்ன தப்பு பண்ணினேன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சட்டையை மடிக்க ஆரம்பித்தாள். மடித்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"அப்ப, யாரோ ஒரு பொம்பளன்னு நெனச்சுத்தான் அப்படி எழுதினியா?"

"ஆமாக்கா."

"நிறைமாசப் பொண்ணு தனியா இருக்கான்னு எழுதியிருந்தேனே."

"படிக்கலக்கா."

அவள் திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அவள் மிச்சச் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தாள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாற்பத்தாறு வயதில் அவள் முன்னால் அப்படிக் கூனிக்குறுகி உட்கார்ந்ததில்லை.

கடைசிச் சட்டையையும் வைத்துவிட்டு அவளே பேசினாள். "அங்க ஜன்னல் சீட்டுன்னு ஒருத்தர் எனக்குப் பதில் போட்டிருந்தார்டா. போன்ல மணி அடிச்சுது. தெறந்து பாக்கறதுக்குள்ள காணோம். என்ன எழுதினாரோ தெரியாது, ஆனா அவர் ஒருத்தர்தான் எழுதினார். அவருக்கு ஒரு நன்றி சொல்லணும்." போனை எடுத்துத் தளத்தைத் திறந்தாள். பதினொரு பகுதிகளும் வரிசையாக வந்து நின்றன. அவள் விரல் எதையும் தொடாமல் மேலேயே தயங்கியது. "இத எந்தப் பகுதியில எழுதணும்? தப்பாப் போட்டுடக் கூடாது."

"எங்க வேணா எழுதுக்கா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவள் நம்பவில்லை. போனை என்னிடம் நீட்டினாள்.

"நீயே போட்டுடு. உன் பேர்லயே போடு" என்றாள். "மூணாம் மாடின்னு பாத்தா அங்க எல்லாரும் சிரிப்பாங்க."