கத்தி தாங்குமா

சாலமன் கத்தி செய்பவன். அதைச் சோதித்துப் பார்ப்பது அவன் மனைவி கீதாஞ்சலியின் வேலை. கீழ்புத்துப்பட்டில் சாலையோரம் அவர்களுக்கு ஒரு சிறிய பட்டறை. பழைய லாரிகளின் வில்பட்டை இரும்பை அறுத்து, விரல் நீள அலகு வைத்த மடங்காத கத்திகளைச் செய்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் இடுப்பில் செருகிக்கொள்ள வாங்குவார்கள். இந்தத் தடவை மரக்காணம் உப்பளத்து லோடுமேன்கள் கயிறும் சாக்கும் அறுக்கக் கேட்டிருந்தார்கள்.

கூர் சீக்கிரம் மழுங்கிவிடுகிறது என்று முன்பு ஒரு புகார் வந்திருந்ததால், சாலமன் இரும்பை வழக்கத்தைவிடக் கடினமாக்கியிருந்தான். இனிக் கூர் நிற்கும். ஆனால் அடி விழுந்தால் தாங்குமா, கண்ணாடி மாதிரி ஒடியுமா என்பது அவனுக்கே தெரியாது.

“அனுப்பிடலாம் கீதா. இதுல பாக்க இன்னா இருக்குது?” என்றான்.

“ஒடிஞ்சா எவன் கண்ணுலயாவது தெறிக்கும். பாத்துட்டுச் சொல்றேன், அப்புறம் அனுப்புங்க.”

அவள் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு மரக்காணத்துக்குப் பஸ் ஏறினாள். உப்புக் காற்றில், உப்புச் சாக்கில்தான் அதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். அங்கே வேலை செய்யும் ஆராயி பழக்கமானவள். மூட்டைகள் அடுக்கிய ஷெட்டின் கடைசி மூலையில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு மரக்கட்டை போட்டுக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மூட்டை அட்டிகள். நடுவில் ஒருவர் நடக்கிற அளவுக்கு வழி. மூலைக்கு ஜன்னல் கிடையாது.

கீதாஞ்சலி தாம்புக் கயிற்றைக் கட்டையில் வைத்துத் துண்டு துண்டாக அறுத்தாள். கை வலிக்கிற வரைக்கும் அறுத்துவிட்டு, செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக் கீறினாள். தாள் பிசிறில்லாமல் பிரிந்தது. சாலமன் சொன்னது சரிதான், கூர் நின்றது. இனி அலகைக் கட்டையில் இறக்கி, பக்கத்தில் கிடந்த செங்கல்லால் அடித்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

“மழை இருட்டிக்கினு வருது. எல்லாரும் உப்பு மூடப் போய்ட்டாங்க. நீயும் கெளம்பு” என்று சொல்லிக்கொண்டே ஆராயி அந்த வழியாக வந்தாள்.

முந்தின வார மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அடி மூட்டைகளில் உப்பு கரைந்து உள்ளுக்குள் இளகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பெரிய சத்தம்கூட வரவில்லை. பெருமூச்சு விடுவது போல ஒரு ஓசை கேட்டது. இடப்பக்கத்து அட்டி மொத்தமாகச் சாய்ந்து வழியை அடைத்துக்கொண்டது.

தூசி அடங்கியபோது ஆராயி மூலையின் வாயிலில் மல்லாந்து கிடந்தாள். தொடைக்குக் கீழே கால்கள் மூட்டைகளுக்கு அடியில். அவளுக்குப் பின்னால் கூரையை நெருங்கும் உயரத்துக்கு அடைப்பு. செல்போன் கீதாஞ்சலியின் பைக்குள் இருந்தது. பை வாசல் பக்கத்து ஆணியில் தொங்கியது.

இருவரும் கத்தினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை விழத் தொடங்கியதும் அவர்கள் குரல் ஷெட்டைத் தாண்டிப் போகவில்லை. சற்று நேரத்தில் அடைப்புக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. சாலமனாகத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

கீதாஞ்சலி ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மேலே இருந்தவை இன்னும் ஒரு சாண் இறங்கின. ஆராயி அலறினாள்.

“இழுக்காத. இழுக்காதம்மா. காலு நசுங்குது.”

அந்த மூலை, இரண்டு பெண்கள் கால் நீட்டிப் படுக்கக்கூடப் போதாத இடம். இரண்டு பக்கம் சுவர், மற்ற பக்கமெல்லாம் உப்பு. கீதாஞ்சலிக்கு மூச்சு முட்டியது. காற்று இருக்கிறது, முட்டுவது பயத்தில்தான் என்று தெரிந்தும் மூச்சு சீராகவில்லை. கண்ணை மூடிச் சுவரில் நெற்றியை வைத்து நின்றாள்.

பிறகு சொன்னாள். “அக்கா, மேல் மூட்டைங்கள கிழிச்சா உப்பு கொட்டிடும். பாரம் கொறையும். ஆனா கொட்டுற உப்பு இங்கதான் வரும். நம்ம மேல.”

ஆராயி தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். “மூஞ்சி மூடிக்கும்ல?”

“உங்கள ஒக்கார வெச்சுப் பிடிச்சுக்கறேன்.”

“சரி. கிழி.”

அவளைத் தூக்கி உட்கார வைத்து, முதுகுக்கு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, கீதாஞ்சலி எட்டி மேல் மூட்டையைக் கீறினாள். கத்தி தண்ணீரில் போவது போலப் போனது. உப்பு கொட்டியது. அடுத்தது. அதற்கடுத்தது. கயிறு அறுத்த விரல்களில் உப்பு ஏறி எரிந்தது. வெள்ளை மேடு ஆராயியின் மடியில் ஏறி, இடுப்புக்கு வந்து, மார்புக்கு வந்தது. கீதாஞ்சலி இரண்டு கையாலும் வாரி வாரித் தன் பின்னால் தள்ளினாள். பின்னால் தள்ளத் தள்ள அவள் நிற்கும் இடமும் குறைந்தது. திரும்பினால் சுவர் முகத்தில் இடித்தது.

“போதும். நிறுத்து” என்றாள் ஆராயி. உப்பு அவள் கழுத்தைத் தொட்டிருந்தது. “என்னால மூச்சு விட முடியல.”

“இன்னும் ஒண்ணுதான்க்கா.”

“வேணான்றேன்ல.”

கீதாஞ்சலி அந்த ஒன்றையும் கிழித்தாள். முகத்தின் மேல் விழுந்த உப்பைத் தன் முதுகால் தடுத்துக் குனிந்து நின்றாள். மேலே இருந்த சுமை தளர்ந்தது. ஆராயியின் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். ஒரு கால் வந்தது. மற்றது வரவில்லை.

கையால் தோண்டிப் பார்த்தபோது புரிந்தது. அட்டிக்கு அடியில் போட்டிருந்த பலகை ஒன்று நிமிர்ந்து, கணுக்காலைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. அறுக்க முடியாத கனம். பிளக்கத்தான் வேண்டும்.

அவள் கத்தியைப் பலகையின் முனையில் வைத்து, செங்கல்லை எடுத்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. இந்த இரும்பு ஒடிந்தால் துண்டு ஆராயியின் முகத்துக்குத்தான் போகும். ஒடிந்த பிறகு கையில் வேறு எதுவும் இல்லை.

“இன்னாம்மா பாக்கற?”

“கத்தி தாங்குமான்னு தெரியலக்கா. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க.”

முந்தானையை எடுத்து ஆராயியின் தலையைச் சுற்றி மூடினாள். பிறகு அடித்தாள். அலகு பாதி இறங்கியது. மறுபடி அடித்தாள். செங்கல் கையிலேயே உடைந்தது. பாதிச் செங்கல்லால் அடித்தாள். பலகையில் கோடு விழுந்தது. பிடியைப் பக்கவாட்டில் சாய்த்து முழு உடம்பையும் கொடுத்து நெம்பியபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம். கத்தியின் முனை உடைந்து மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. கூடவே பலகையும் இரண்டாகப் பிளந்தது.

கால் வெளியே வந்தது. அது கால் மாதிரி இல்லை. ஆராயி அதைப் பார்த்துவிட்டு மயங்கினாள்.

மழை விட்ட பிறகு லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் திருமுருகன்தான் குரல் கேட்டு ஆட்களைக் கூப்பிட்டான். மூட்டை மூட்டையாக எடுத்து வழி உண்டாக்கியபோது கீதாஞ்சலி இடுப்பளவு உப்பில் நின்றுகொண்டு ஆராயியின் தலையைத் தோளில் தாங்கியிருந்தாள். அவளால் உடனே நடக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த சாலமன் முனை உடைந்த கத்தியை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

“சூடு பத்தல” என்றான் மெதுவாக. “இரும்பு ரொம்பக் கெட்டியாயிடுச்சு, பதத்த எறக்கணும். எல்லாத்தையும் திரும்பக் காய்ச்சறேன்.” பிறகு அவள் விரல்களைப் பார்த்தான்.

ஆராயியின் எலும்பு ஒன்றுசேர அந்தப் பருவம் முழுக்க ஆனது. கீதாஞ்சலி அவள் வீட்டுக்குப் போனபோதெல்லாம் வாசற்படியை விட்டு உள்ளே போகவில்லை. மூடிய அறைகள் அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தன. ஆராயியும் கூப்பிடவில்லை. கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு அவளே வாசலுக்கு வந்து உட்காருவாள்.

ஒருநாள் சொன்னாள். “உப்பு கழுத்துக்கு வந்தப்ப, வேணான்னு சொல்லியும் கிழிச்ச பாரு. இவ என்ன சாவடிக்கப் போறான்னுதான் நெனச்சேன். உன்ன அவ்ளோ திட்டினேன் மனசுல.”

“நானும் அப்டித்தான்க்கா நெனச்சேன்” என்றாள் கீதாஞ்சலி. “சாவடிக்கறேன்னு.”

ஆராயி அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. இருவரும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.