பெயர் எழுதிய குழி

பெண் கொடுக்கப் போகிற இடத்தை ஒன்றுக்கு நாலு தடவை பார்க்க வேண்டும் என்பது குருவிநத்தம் ஏகநாதனின் கொள்கை. வில்லியனூர்ப் பக்கம் தெய்வநாயகத்தின் வீடு, நெல், மாடு எல்லாம் அவருக்குத் திருப்திதான். வீட்டை ஒட்டிய அந்தக் காடு மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. கிணறு வெட்டிக் கரும்பு வைக்க வேண்டிய மண். அதைப் போய் வேலி போட்டுப் பூப்புதர் வளர்க்கிறாராம் மனிதர். யார் நம்புவது? இது பிரெஞ்சுக்காரன் சீமை, இங்கிலீஷ்காரன் எல்லை கூப்பிடு தூரம். சரக்குக் கடத்துகிறவனுக்கு இதைவிடத் தோதான மறைவு எது? வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றுவதற்குள் உள்ளே நுழைந்து பார்த்துவிடுவது என்று கிளம்பினார்.

தெய்வநாயகம் தயங்காமல் அழைத்துப்போனது சந்தேகத்தை இன்னும் கிளறியது. காயாச் செடி நீலமாகப் பூத்திருந்தது, வெட்சி சிவப்பாக. ஏகநாதன் பூவையா பார்த்தார்? புதரின் அடியைப் பார்த்தார். மூட்டை இல்லை, பானை இல்லை. ஒவ்வொரு புதரடியிலும் ஒரு தகரத் துண்டு, அதில் தாரால் எழுதிய பெயர். தனக்கொடி. கனகாம்பாள். ஆண்டாள்.

யார் இவர்கள் என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர்கள் என்றார் தெய்வநாயகம், சாதாரணமாக.

ஏகநாதன் தகரங்களை எண்ணினார். வந்த மருமகள்கள் இத்தனை பேருமா மண்ணுக்குள் போனார்கள்? நாலடி தள்ளிப் புதிதாக வெட்டிய குழி ஒன்று இருந்தது. அதன் தகரத்தில் தார்கூட இன்னும் காயவில்லை. கோகிலாம்பாள். அவர் பெண்ணின் பெயர்.

"இன்னாயா இது? உசுரோட இருக்கற பொண்ணுக்குக் குழி வெட்டி வெச்சிருக்கீங்க?"

தெய்வநாயகம் திகைத்துப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். ஊருக்கு ஊர் காடு அழிகிறதே என்று அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். வருகிற மருமகள் சீரோடு, தன் ஊர்க் காட்டில் பூக்கிற செடி ஒன்றை வேரோடு கொண்டுவர வேண்டும். அவள் பெயரிலேயே அது இங்கே வளரும். அந்தக் காயா அவர் மனைவி தனக்கொடி மணப்பட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது. இன்று மணப்பட்டில் ஒரு காயாகூடக் கிடையாது. தனக்கொடியோ இந்நேரம் வீட்டில் சம்பந்திக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

ஏகநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது.

"உங்க ஊரு ஆத்தோரக் காட்டுல இன்னா பூக்கும், சம்பந்தி?"

ஏகநாதன் யோசித்தார். காடு இருந்தது உண்மைதான். போன வருஷம் அவரே ஆள் விட்டு வெட்டிக் கொளுத்தினார். அங்கே என்ன பூத்தது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இப்ப அங்க கரும்புதான்."

"எல்லாத்தயுமா வெட்டிட்டீங்க?"

"ஆமா."

தெய்வநாயகத்தின் சிரிப்பு நின்றது. ஒரு புதர்கூட மிஞ்சவில்லையா என்று மறுபடி கேட்டார். பிறகு ஏகநாதனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"தாம்பூலத்த அடுத்த மாசம் வெச்சுக்கலாம்," என்றார். "நான் ஒரு தபா உங்க ஊருக்கு வந்து பாத்துட்டுப் போறேன்."